என் இருக்கைக்கு அடியில் ஒன்றும் இல்லை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விமானக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்களிடம் படிக்கிற பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐந்துதானா என்று நினைக்க வேண்டாம், அந்த ஐந்திலும் கையெழுத்தில் நான்தான் முதல். ஆறாம் வகுப்பு இருந்த பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது. அது பள்ளிக்கூடத்தின் குற்றம், என்னுடையது இல்லை.

உங்கள் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். விமானத்தில் எனக்கு முன்னால் இருந்த பையில் வழவழவென்று ஒரு புத்தகம் இருந்தது. ‘இது உங்களுக்கே, எடுத்துச் செல்லுங்கள்’ என்று அட்டையிலேயே போட்டிருந்ததால்தான் எடுத்து வந்தேன், இல்லாவிட்டால் தொட்டிருக்கவே மாட்டேன், அடுத்தவர் பொருளில் ஒரு ஊசியைக்கூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘உங்கள் பயண அனுபவங்களை ஆசிரியருக்கு எழுதுங்கள்’ என்று விலாசம் இருந்தது. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய கம்பெனி நடத்துகிறவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரையும் வைத்து, பெற்றவர்கள் அவருக்கு எழுதிக் கேட்கலாம் என்று விலாசமும் போட்டிருக்கிறார்களே! பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது ஆசிரியரைத்தான். என் மகனுக்காக எத்தனையோ தடவை போய் நின்றிருக்கிறேன். இப்போது முழங்கால் விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பேத்தி உங்களிடம்தான் படித்திருப்பாள். உயரமான பெண், இடது கன்னத்தில் குழி விழும், சிரித்தால்தான் தெரியும், இப்போது சில நாளாகத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வீட்டாருக்கு இலவசமாக டிக்கெட் கிடைக்கிறது என்று என்னையும் என் தங்கையையும், அவள் வேலை பார்க்கும் விமானத்திலேயே, என் மகன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். வயசானவர்கள் என்று எங்களை எல்லாருக்கும் முன்னால் ஏற்றிவிட்டார்கள். வாசலில் கொண்டை போட்டு, கழுத்தில் துணி முடிச்சுப் போட்டு, “வணக்கம் மேடம், வாங்க” என்று கை கூப்பினாள். யாரடா அந்த மேடம் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் என் தங்கை. அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் பேத்தி தாழ்ந்த குரலில், “பாட்டி, உன்னத்தான். வேலையில இருக்கேன், கன்னத்தக் கிள்ளிடாத” என்றாள். நான் கிள்ளவில்லை. கை அதுவாகப் போனது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஏறியவுடன் எனக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது, வயசு அப்படி. அதற்குள் என் தங்கை ஜன்னல் ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், நான் கைகழுவப் போனால் என் தட்டில் இருப்பது காணாமல் போகும். சரி போகட்டும் என்று பக்கத்து இருக்கையில் உட்காரப் போனால், “அக்கா, நீயே ஜன்னல்ல உட்காரு, எனக்குத் தலை சுத்துது” என்கிறாள். “இன்னும் கிளம்பவே இல்லையேடி” என்றேன். “கிளம்பினா சுத்துமில்ல” என்கிறாள். இடம் மாற்றிக்கொண்டோம். அவள் நடுவில், நான் ஜன்னலோரம். அந்தப் பக்கம் டை கட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். அப்போது ஒலிபெருக்கியில், எலக்ட்ரானிக் சாதனங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். டைக்காரர் அணைக்கவில்லை. என் தங்கை அணைத்துவிட்டாள். எதை என்று கேட்கிறீர்களா, காதில் மாட்டியிருந்த கருவியை. அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த விமானத்தில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என் பேத்தி நடுவழியில் வந்து நின்றாள். ஐயா, அம்மா, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, நீங்கள் ஆணா பெண்ணா என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை எத்தனை அழகாகச் செய்தாள் தெரியுமா! பெல்ட்டை இப்படி மாட்டுங்கள், இப்படிக் கழற்றுங்கள், வாசல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மூச்சுக்காற்று குறைந்தால் மேலேயிருந்து முகமூடி விழும் என்று, ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல இவள் கை அதற்கேற்ப வந்து நிற்கிறது. ஆனால் பார்க்கிறவர்கள் யார்? ஒருத்தர் போனில், ஒருத்தர் தூக்கத்தில், டைக்காரர் கணக்கில். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை. பெற்று வளர்த்த பிள்ளை பேசும்போது இப்படியா முகத்தைத் திருப்புவார்கள்? சரி, யார் கேட்காவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்று, அவள் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். பெல்ட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். பின்வாசலைக் காட்டினபோது எக்கித் திரும்பிப் பார்த்து, ‘பார்த்துட்டேன்’ என்று தலையாட்டினேன். என்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசியில், ‘உயிர்காப்பு அங்கி உங்கள் இருக்கையின் அடியில் உள்ளது’ என்று வந்தது. தண்ணீரில் இறங்க நேர்ந்தால் மாட்டிக்கொண்டு மிதப்பதற்காம். நானும் குனிந்து கையை விட்டேன்.

ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கம் தடவினேன், அந்தப் பக்கம் தடவினேன், ஒரு பழைய மிட்டாய்க் காகிதம்தான் கையில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. தண்ணீரில் விழுவேன் என்ற பயம் இல்லை. இத்தனை பேர் நடுவில் என் பேத்தி ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அது இல்லாமல் போனால் அவள் பேச்சு என்ன ஆவது? நல்லவேளை யாரும் கேட்கவில்லை என்று அப்போதுதான் சந்தோஷப்பட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லாருடைய பெல்ட்டையும் பார்த்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்ன பாட்டி?”

“ஒண்ணுமில்ல கண்ணு. நீ சொன்னதெல்லாம் ரொம்ப நல்லா இருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சம் குறையுது.”

“என்ன குறையுது?”

“கீழ அந்தச் சட்டை இல்ல. பரவாயில்ல விடு, விழுந்தா நான் உன் சின்னப் பாட்டியப் பிடிச்சுக்கறேன்.”

டைக்காரரை எழுப்பி நிறுத்தி, என் தங்கையின் காலைத் தாண்டி, மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். எழுந்தபோது முகம் வெளிறியிருந்தது. “காலையில நான் பார்த்தேனே, இருந்துச்சே” என்றாள். ஆட்கள் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் குனிந்து பார்க்க வேண்டியது அவர்கள் வேலையாம், எங்கள் பக்கத்து வரிசைகள் அவளுடைய பொறுப்பாம். “சின்னப் பாட்டி, உங்களுக்குக் கீழ இருக்கா?” என்று கேட்டாள். என் தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இருக்கேன் கண்ணு, நல்லா இருக்கேன்” என்றாள். அதற்கும் குனிந்து பார்த்தாள். தங்கைக்கு அடியில் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

அப்புறம் பெரிய கொண்டை வந்தார். எல்லாருக்கும் கொண்டைதான், ஆனால் அவருடையது பெரியது, அவர்தான் அங்கே மூத்தவர். அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, விமானம் தாமதமானால் அவருக்கும் மேலேயிருந்து திட்டு விழும் போலிருக்கிறது. அவர் சிரித்த முகம் மாறாமலே என் பேத்தியிடம் பல்லுக்குள் பேசினார்.

“இறங்கினதும் சொல்லிக்கலாம். வாயால சொன்னா போதும், எழுதாத. எழுதினா சரி பண்ற வரைக்கும் வண்டி நகராது.”

“அங்கி இங்க இல்லையே அக்கா.”

“நாம போற வழியில தண்ணியே கிடையாதும்மா. ஒரு குளம்கூடக் கிடையாது.”

“தண்ணி இல்லன்னா பரவாயில்ல. இருக்குன்னு நான் சொன்னேனே.”

“நல்லா யோசி. காலையில இருக்குன்னு டிக் போட்டது நீ. இப்ப இல்லன்னு எழுதப்போறதும் நீ. பார்க்காமலே டிக் போட்டேன்னுதான் வரும். இன்னும் நிரந்தரம்கூட ஆகல உனக்கு.”

நான் என் பேத்தியின் முந்தானையை, அதாவது கோட்டு முனையைப் பிடித்து இழுத்து, “விட்டுடு கண்ணு, பாட்டி மிதப்பேன், என் உடம்புக்கு நான் எங்க முங்கப்போறேன்” என்றேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முன்னால் போனாள். அங்கே கோளாறுகளை எழுத ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். போகும்போதே, “அப்படியே பின்னால இருக்கிற டார்ச்சையும் எழுதிடறேன்” என்றாள். பணிப்பெண்கள் உட்காரும் இடத்தில் ஆபத்துக்கு என்று மாட்டியிருக்கும் டார்ச்சாம், அதில் எப்போதும் மினுக்க வேண்டிய சின்ன விளக்கு ரொம்ப நாளாக மினுக்கவில்லையாம். இன்னொரு வரிசையில் முகமூடி விழுகிற மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்களாம். விழ வேண்டியதை ஒட்டி வைத்தால் அது எப்படி விழும், எனக்கே புரிகிறது. இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்களாம், அவர்கள் அடுத்தவர்களிடம் சொல்வார்களாம்.

“டார்ச் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே!” என்றார் பெரிய கொண்டை.

“எல்லாருக்கும் தெரியும். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் தெரியாது” என்றாள் என் பேத்தி.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓர் அங்கி குறைகிறது, அதனால் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களோ இல்லையோ, அதுவரைக்கும் ஒரு வார்த்தை காதில் வாங்காத அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். விமானமே குனிந்தது! எங்கே பார்த்தாலும் முதுகு. டைக்காரர் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுத் தன் இருக்கைக்கு அடியில் தலையை விட்டு, தலையை வெளியே எடுக்கத் தெரியாமல் டை மாட்டிக்கொண்டு திணற, நான்தான் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதற்கு நன்றி சொல்லாமல், “ஒரு கிழவிக்காக இத்தனை பேர் காத்திருக்கணுமா?” என்றார். “உங்களுக்கு இருக்குதா?” என்று கேட்டேன். “இருக்கு” என்றார். “குடுத்துடுங்க, கிளம்பிடலாம்” என்றேன். அவர் டையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

மெக்கானிக் ஒருவர் பளபளக்கிற சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அங்கி வைத்தார், டார்ச்சை மாற்றினார், டேப்பைப் பிய்த்து மூடியைச் சரி பண்ணினார். “இதெல்லாம் யாருமே சொல்லலையே” என்றார். “சொல்லிக்கிட்டுதானே இருந்தோம்” என்றார் பெரிய கொண்டை. “எங்கிட்ட வந்து சேரலையே மேடம்” என்றார் அவர். முக்கால் மணி நேரம் போனது. கதவை மறுபடி சாத்தினதால் என் பேத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து காட்ட வேண்டியதாயிற்று. இந்தத் தடவை, ஆசிரியர் அவர்களே, ஒரு கண்கூடப் போனில் இல்லை. பின்வாசலைக் காட்டினாள், அத்தனை தலையும் திரும்பியது. டைக்காரர் பெல்ட்டை இரண்டு தடவை மாட்டிப் பார்த்தார். என் பிள்ளை பேசி ஊரே கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே கண்ணை மூடியிருந்தாலும் எனக்குக் குறையில்லை, ஆனால் விமானம் கிளம்பவேண்டி இருந்ததால் மூடவில்லை.

சந்தோஷம் இறங்குகிற வரைக்கும்தான். பார்க்காமலே டிக் போட்டாள், தன் பாட்டி என்பதால் பெரிதாக்கி வண்டியை நிறுத்தினாள் என்று மேலே புகார் போய்விட்டது. கூப்பிடுகிறபோது வா, அதுவரை வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். யூனிஃபார்மைத் தேய்த்துக் கதவில் மாட்டிவிட்டு, அதைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். என் மகன், “வேலைதானே, போனா போகுது” என்கிறான், மருமகள் கேட்காமலே அடிக்கடி காபி போட்டுக்கொண்டு போய் வைக்கிறாள். நேற்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேலை போய்விடும் என்றுதான் கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன். அது இல்லை. “பாட்டி, நான் அன்னிக்குக் காலையில நிஜமாவே பார்த்தேனா? குனிஞ்சு பார்த்த மாதிரிதான் ஞாபகம். ஆனா இல்லையே. அப்போ தினமும் இப்படித்தான் பார்த்த மாதிரி நினைச்சுக்கிட்டு டிக் போடறேனா? என் கண்ண நானே எப்படி நம்பறது?” என்று கேட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். கொண்டை போடாத தலை, சின்னப் பிள்ளையில் இருந்த மாதிரியே இருக்கிறது.

அதனால்தான் உங்களை நம்பி எழுதுகிறேன். அவள் பார்க்காமல் டிக் போடுகிற பெண் இல்லை. சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டபிறகு தடவிப் பார்ப்பாள். அந்த அங்கியை எவரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். எப்போது, எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும். எடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர்கூட இல்லாத வீட்டில் பிறந்த ஆள். ஆபத்தில் இன்னொருத்தர் உயிரைக் காப்பாற்ற வைத்த பொருளைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எப்படித்தான் மனசு வருகிறதோ! அந்தக் குடும்பத்தை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும், பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். நீங்கள் ஆசிரியர், உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கும். இவள் என் மாணவி, இவளை எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் கைபட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். உங்கள் கம்பெனி விமானத்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒருத்தர் குறையாமல் இறங்கட்டும். உங்களுக்கு முழங்கால் வலி வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு, ஜன்னலோரத்தில் இருந்த பாட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒன்று நடந்துவிட்டது. என் தங்கை காதுக் கருவிக்குப் பேட்டரி தேடுகிறேன் என்று தன் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். சீப்பு விழுந்தது, மாத்திரை விழுந்தது, அதற்குப் பின்னால் தட்டையாக, சீல் வைத்த ஒரு பொட்டலம் விழுந்தது. என் பேத்தி அதைப் பார்த்தாள். நான் என் பேத்தியைப் பார்த்தேன். புதுப் பேட்டரி போட்டு, காதருகே போய்க் கேட்டேன், “ஏண்டி, இது ஏது?”

“விமானத்துல குடுத்த தலையணை. உனக்குக் குடுக்கலையா?”

“யாருடி குடுத்தா?”

“சீட்டுக்கு அடியில வெச்சிருக்கோம்னு படம் போட்டு எழுதியிருந்ததே! நீ கழிவறைக்குப் போயிருந்தப்ப எடுத்துப் பையில வெச்சேன். இடம் மாத்தினதுக்கு அப்புறம் இன்னொண்ணும் இருந்தது, நான் தொடல. ஒருத்தருக்கு ஒண்ணுதானே. நீ மட்டும் புத்தகம் எடுத்துட்டு வரல?”

ஆகவே, மேலே நான் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுதிய அந்தக் குடும்பம் எங்கள் குடும்பம்தான். சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரியவள் கழிவறையில் இருந்தேன்.

என் பேத்தி பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, “இருந்துச்சு பாட்டி. காலையில இருந்துச்சு. நான் பார்த்திருக்கேன்!” என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், கன்னத்தில் குழி விழுந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. என் தங்கை, நல்ல தலையணை என்றுதான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “வேணும்னா நீயே வெச்சுக்கோ” என்றாள்.

இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். அப்போதுதான் தெரிந்தது, நீங்கள் வாத்தியார் இல்லையாம். படம் போட்டு அந்த வழவழப் புத்தகத்தை அச்சடிக்கிறவருக்கும் ஆசிரியர் என்றுதான் பேராம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது, இரண்டாவது அர்த்தம் ஆறாம் வகுப்பில் இருந்திருக்கும். “அப்போ கிழிச்சுடவா கண்ணு?” என்றேன். “கிழிக்காத, அனுப்பு. ஆனா தலையணையையும் எழுதி அனுப்பு” என்றாள். “ஆசீர்வாதமே போட்டாச்சே, இனிமே எங்க எழுதறது?” என்றேன். “பின்குறிப்புன்னு போடு. எல்லாம் எழுதி முடிச்ச பிறகு பையிலேருந்து விழுறதுக்குத்தான் அந்த இடம்” என்றாள்.

இப்போது யூனிஃபார்ம் போட்டு, கொண்டை போட்டு, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பி நிற்கிறாள். யார் எடுத்தது என்றும் சொல்லப்போகிறாளாம். எங்களுக்கு இனிமேல் இலவச டிக்கெட் கிடையாது, அவளுக்கு வேலை இருக்குமா என்றும் தெரியாது. “அங்கி நம்ம பையில இருந்தது, சரி. ஆனா டார்ச் நம்ம பையில இல்லையே பாட்டி, அந்த டேப்பும் நம்ம வீட்டு டேப் இல்லையே. எழுதினது எழுதினதுதான்” என்கிறாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, நாற்காலியில் இருந்த என் தங்கையின் முன்னால் மண்டியிட்டு, “சின்னப் பாட்டி, காலத் தூக்குங்க” என்று அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.